அதீனாவின் காலடியைப் படியுங்கள்

பழங்காசு சேர்க்க ஆசைப்பட்டு வரும் இளையவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியோடுதான் வருகிறார்கள்: "ஐயா, முதல்ல அலெக்சாண்டர் காசு வாங்கலாமா, சீசர் காசு வாங்கலாமா?" இரண்டும் இப்போது வேண்டாம் என்பேன். கப்படோக்கியா நாட்டு அரியோபார்ஸனேஸின் வெள்ளித் திராக்மா ஒன்றை வாங்குங்கள் என்பேன். உடனே முகம் வாடிவிடும். யார் இந்த ஆள், பெயரே வாயில் நுழையவில்லையே என்று பார்ப்பார்கள்.

கப்படோக்கியா இன்றைய துருக்கியின் நடுப்பகுதி. கி.மு. முதல் நூற்றாண்டில் ஒரு பக்கம் போன்டஸ் அரசர் மித்ரிதாதெஸ், ஒரு பக்கம் அர்மீனியாவின் டிக்ரானெஸ், கிழக்கே பார்த்தியர், மேற்கேயிருந்து ரோமானியர் என்று எல்லாரும் கை வைத்துப் பார்த்த மேட்டுநிலம் அது. அங்கே ரோமின் தயவில் அரியணை ஏறி, அந்தத் தயவைக் காசிலேயே பொறித்துக்கொண்டவர் அரியோபார்ஸனேஸ். அவருக்குப் பின் அதே பெயரில் மகன், பேரன் என்று மொத்தம் மூன்று பேர். ஏறத்தாழ நாலு கிராம் எடை, இன்றைய ஒரு ரூபாயைவிடச் சிறிய வட்டம். ஏதென்ஸின் ஆந்தைக் காசுக்குக் கொடுக்கும் விலையில் ஒரு சிறு பங்குக்கு நல்லதாகவே கிடைக்கும். கற்றுக்கொள்ள இதைவிட நல்ல காசு எனக்குத் தெரியாது. ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன்.

1. ஒரே வகையைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு ஒன்று, நாட்டுக்கு ஒன்று என்று பத்துக் காசு வாங்கினால் பத்தும் உங்களுக்கு அந்நியமாகவே இருக்கும். அரியோபார்ஸனேஸ் காசில் முன்பக்கம் அரசர் தலை, பின்பக்கம் கிரேக்கத் தேவி அதீனா. முப்பது ஆண்டுக்கு மேல் அதே தலை, அதே தேவி. முதலில் பார்க்கும்போது எல்லாம் ஒன்றுபோலத் தெரியும். நாலாவது காசைக் கையில் எடுக்கும்போது வேறுபாடுகள் தாமாகக் கண்ணில் படும். அந்தக் கண்தான் முதலீடு.

2. பூவா தலையா என்றால் இங்கே பூவைக் கேளுங்கள். விற்பவர்கள் முகத்தைத்தான் காட்டுவார்கள். மூக்கு எடுப்பாக இருக்கிறது, தலைமுடி தெளிவாக இருக்கிறது என்று விலையை ஏற்றுவதும் முகத்தை வைத்துத்தான். நீங்கள் காசைத் திருப்புங்கள். அதீனா இடப்பக்கம் பார்த்து நிற்பாள். நீட்டிய கையில் சிறகு விரித்த குட்டி நைக்கி, வெற்றித் தேவதை. மறுபக்கம் ஈட்டியும் தரையில் ஊன்றிய கேடயமும். இவர்களைச் சுற்றிக் கிரேக்க எழுத்து ஓடும். வெற்றிடத்தில் இரண்டு மூன்று எழுத்துகளைப் பின்னிய ஒரு கூட்டெழுத்துக் குறி. அதீனாவின் காலடியில், கோட்டுக்குக் கீழே, ஓரிரு எழுத்து தனியாக நிற்கும். அதுதான் ஆண்டு. முகம் தேய்ந்திருந்தாலும் பரவாயில்லை, காலடி எழுத்து தெரிகிற காசை எடுங்கள். வெள்ளித்தகடு அச்சைவிடச் சிறிதாக இருந்ததால் பல காசுகளில் அந்த எழுத்து விளிம்புக்கு வெளியே போய்விட்டிருக்கும். அழகான முகமும் அறுந்த ஆண்டும் உள்ள காசைத்தான் கடைக்காரர் உங்கள் தலையில் கட்டப் பார்ப்பார்.

3. மூன்று பேரையும் பட்டத்தை வைத்துப் பிரியுங்கள். மூவர் காசிலும் 'பசிலெயோஸ் அரியோபார்ஸனூ' என்றுதான் தொடங்கும். இன்ன அரசருடையது என்று பொருள். ஆள் யார் என்று சொல்வது அதற்கு அடுத்த சொல். முதலாமவர் 'ஃபிலோரோமையோஸ்', ரோமானியரின் நண்பர். மகன் 'ஃபிலோபாத்தோர்', தந்தைமேல் அன்புடையவர். பேரன் 'எவுசேபெஸ்', பக்தியுள்ளவர். அதோடு தாத்தாவின் 'ரோமானியரின் நண்பர்' பட்டத்தையும் சேர்த்துக்கொண்டார்.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. தாத்தா பட்டமும் மகன் பட்டமும் ஒரே நாலு எழுத்தில் தொடங்கும். முதல் எழுத்து ஃபை, வட்டத்தை நெடுங்கோடு ஒன்று பிளந்த மாதிரி, எளிதில் தெரியும். ஐந்தாவது எழுத்தில்தான் முடிவு. தாத்தா என்றால் அங்கே கிரேக்க 'ரோ', மகன் என்றால் 'பை'. கிரேக்க 'ரோ' பார்ப்பதற்கு ஆங்கில 'பி' மாதிரியே இருக்கும். ஆங்கிலம் படித்த கண் அதை 'ப' என்று வாசித்துத் தாத்தாவை மகனாக்கிவிடும். கிரேக்கப் 'பை' வாசல் நிலை மாதிரி இரண்டு காலும் மேலே ஒரு குறுக்குக்கட்டையும் உடையது. மகனின் காசு அரிது, விலையும் கூடுதல். ஆகையால் இந்த ஒரு எழுத்தைத் தப்பாகப் படித்து, கூடுதல் விலை சொல்லும் விற்பனையாளர்களும் உண்டு. எல்லாரையும் ஏமாற்றுக்காரர் என்று சொல்ல மாட்டேன். அவர்களும் ஆங்கிலம் படித்தவர்கள்தான். பேரனைக் கண்டுபிடிக்க இன்னொரு அடையாளம், அதீனாவுக்குப் பக்கத்தில் பிறையும் விண்மீனும்.

4. கிரேக்க எண்ணைக் கற்றுக்கொள்ளுங்கள். ஒரு மாலைப்பொழுது போதும். நம் பாட்டன்மார் கணக்கில் க, உ, ங, ச, ரு என்று எழுத்து வடிவங்களே எண்ணாக நின்றதும், பத்துக்குத் தனிக் குறி போட்டு அதன் பக்கத்தில் மூன்றை எழுதினால் பதின்மூன்று ஆனதும் நினைவிருந்தால் உங்களுக்கு இது புதிதே அல்ல. கிரேக்கரும் அப்படித்தான். ஆல்ஃபா 1, பீட்டா 2, காமா 3, டெல்ட்டா 4, எப்சிலோன் 5. ஐயோட்டா 10, கப்பா 20, லாம்டா 30. ஐயோட்டா வெறும் நெடுங்கோடு. அதன் பக்கத்தில் காமா நின்றால் பதின்மூன்றாம் ஆண்டு.

எல்லாரும் இடறுகிற இடம் ஆறு. கிரேக்க அரிச்சுவடியில் ஆறாவது எழுத்து சீட்டா. ஆனால் அதன் மதிப்பு 7. ஆறு என்ற மதிப்பைப் பேச்சில் வழக்கொழிந்துபோன ஒரு பழைய எழுத்துக்கு ஒதுக்கி வைத்திருந்தார்கள்; எழுத்து செத்த பிறகும் எண்ணாக வாழ்ந்தது. ஆகவே சீட்டா 7, ஈட்டா 8, தீட்டா 9. இதை விரல் விட்டு எண்ணாமல் மனப்பாடம் செய்துவிடுங்கள்.

முதலாம் அரியோபார்ஸனேஸின் முதல் ஆண்டைக் கி.மு. 95 என்று வைத்துக்கொண்டால், பதின்மூன்றாம் ஆண்டு கி.மு. 83. அந்த வருஷம் ரோமானியத் தளபதி முரேனா மித்ரிதாதெஸோடு இரண்டாவது சண்டையைத் தொடங்கியிருந்தார். கையில் வைத்திருக்கும் வெள்ளியில் இரண்டு எழுத்தைப் படித்ததும் அது எந்தச் சண்டைக்கு நடுவில் அடிக்கப்பட்டது என்று தெரிகிறது. அலெக்சாண்டர் பெயரில் வந்த பெரும்பாலான காசுகளில் இந்த வசதி கிடையாது. அவர் செத்து நெடுங்காலம் கழித்தும் அவர் பெயரில் அடித்துக்கொண்டே இருந்தார்கள்.

5. ஆண்டு எண்ணை ஆட்சி என்று நம்பிவிடாதீர்கள். நான் வற்புறுத்திச் சொல்வது இதைத்தான்.

கப்படோக்கியாவில் பழைய அரச குலம் அற்றுப்போனபோது ரோமின் செனட் சபை அம்மக்களுக்கு விடுதலை கொடுத்தது; உங்களை நீங்களே ஆண்டுகொள்ளுங்கள் என்றது. மக்கள் வேண்டாம் என்றார்கள், எங்களுக்கு ஒரு அரசர் வேண்டும் என்று கேட்டார்கள். ரோமானியர் வியந்துபோய், சரி, நீங்களே ஒருவரைத் தேர்ந்தெடுங்கள் என்றார்கள். அப்படி வந்தவர்தான் அரியோபார்ஸனேஸ். ஸ்ட்ரேபோ இதை எழுதி வைத்திருக்கிறார்.

தேர்ந்தெடுத்து என்ன பயன்? வந்த சூட்டிலேயே டிக்ரானெஸின் படை விரட்டியது. ரோமானிய அதிகாரி சுல்லா வந்து திரும்ப உட்கார வைத்தார். அந்தப் பயணத்தில்தான் சுல்லா யூப்ரடீஸ் கரையில் பார்த்தியத் தூதரைச் சந்தித்தார். மூன்று நாற்காலி போடச் சொல்லி, ஒரு பக்கம் தூதர், ஒரு பக்கம் நம் அரசர், நடுவில் தான் என்று உட்கார்ந்துகொண்டார். அந்த அவமானத்தைப் பொறுத்துக்கொண்டதற்காகத் தூதரைப் பார்த்திய அரசர் பின்னால் கொன்றே போட்டார் என்கிறார் புளூட்டார்க். ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த அரியோபார்ஸனேஸ் என்ன நினைத்தார் என்பதை யாரும் எழுதவில்லை.

மறுபடி விரட்டினார்கள், மறுபடி ரோம் உட்கார வைத்தது. கி.மு. 89-ல் மித்ரிதாதெஸ் போர் மூண்டபோது மறுபடி ஓட்டம். கி.மு. 85-ல் சமாதானம் ஆகித் திரும்பினார். அதற்குப் பிறகும் நிம்மதி இல்லை. டிக்ரானெஸ் ஒருமுறை தலைநகர் மசாகாவிலிருந்தே மக்களை அள்ளிக்கொண்டு போய்த் தன் புதிய நகரத்தில் குடியேற்றினார். கடைசியில் ரோமானியத் தளபதி பாம்பேயஸ் வந்துதான் எல்லாம் அடங்கியது.

இவ்வளவுக்கும் நடுவில் காசின் கணக்கு அறுபடவே இல்லை. துரத்தப்பட்ட வருஷங்களையும் சேர்த்துத்தான் எண்ணிக்கொண்டே போனார். ஊரில் இல்லாதபோதும் நான்தான் அரசன் என்பது அந்தக் கணக்கின் வாதம். ஆகவே இருபத்திரண்டாம் ஆண்டு என்று பார்த்தால் இருபத்திரண்டு ஆண்டு ஆண்டார் என்று எழுதாதீர்கள். இருபத்திரண்டு ஆண்டாக உரிமை கொண்டாடினார் என்று எழுதுங்கள்.

எதிராளியின் காசையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மித்ரிதாதெஸ் தன் எட்டு வயது மகனுக்கு அரியராதெஸ் என்று பழைய குலப்பெயரைச் சூட்டி அங்கே அரசனாக்கினார். அந்தப் பையன் பெயரில் வந்த திராக்மாவிலும் பின்பக்கம் அதே அதீனா, அதே நைக்கி. அரண்மனைக்குள் யார் இருந்தாலும் சந்தைக்கு வரும் வெள்ளி பழகிய உருவத்தில் வந்தால்தான் மக்கள் வாங்குவார்கள்.

6. அதீனாவை வைத்துக் கதை கட்டாதீர்கள். இரண்டாம் அரியோபார்ஸனேஸ் ஏதென்ஸ் நகரில் பெரிக்ளீஸ் காலத்து இசையரங்கத்தைத் திரும்பக் கட்டிக்கொடுத்தார். கி.மு. 86-ல் சுல்லா முற்றுகையிட்டபோது எரிந்துபோன கட்டடம் அது. கட்டிய கட்டடக் கலைஞர்களின் பெயரோடு கல்வெட்டே இருக்கிறது. இதைப் படித்ததும், அடடா, அதனால்தான் காசில் ஏதென்ஸின் தேவி என்று முடிச்சுப் போடத் தோன்றும். இந்த அதீனா அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே அரியராதெஸ் என்ற பெயருள்ள பழைய அரசர்களின் காசிலேயே நின்றுகொண்டிருந்தாள். புதிய குலம் பழைய தேவியை அப்படியே எடுத்துக்கொண்டது. ஒரு உருவத்துக்குக் காரணம் தேடுமுன் அது எப்போது முதலில் வந்தது என்று பாருங்கள்.

7. இப்போது முகத்தைப் பார்க்கலாம். தலையில் இருப்பது கிரீடம் அல்ல. பின்னால் முடிச்சிட்டு இரு நுனியும் தொங்கும் துணிப்பட்டை. அலெக்சாண்டருக்குப் பிந்திய கிரேக்க உலகில் அரசன் என்பதற்கு அதுதான் அடையாளம். முதலாமவரின் பிந்தைய ஆண்டுக் காசுகளில் கன்னம் ஒட்டி, நெற்றி சுருங்கி, கிழவராகவே இருக்கிறார். அச்சு வெட்டியவன் இளமையாகக் காட்டி முகத்துதி செய்யவில்லை. பத்து வருஷ இடைவெளியில் இரண்டு காசு வைத்திருந்தால் ஒரு மனிதர் வெள்ளியில் மூப்படைவதைப் பார்க்கலாம். இந்தக் கிழவர்தான் கி.மு. 63 வாக்கில் பாம்பேயஸ் முன்னிலையில் நாற்காலியை விட்டு இறங்கித் தன் தலைப்பட்டையை எடுத்து மகனுக்குக் கட்டினார். மகன் கண்ணீர் விட்டுத் தயங்கினான் என்று வலேரியஸ் மாக்சிமஸ் எழுதுகிறார். தயங்கியதில் நியாயம் உண்டு. பத்துப் பன்னிரண்டு ஆண்டில் அந்த மகனைக் கொன்றுவிட்டார்கள்.

8. காசு நன்றாக இருந்தால் கஜானா நன்றாக இருந்தது என்று எண்ணாதீர்கள். மூன்றாம் அரியோபார்ஸனேஸின் திராக்மா பார்க்கக் கம்பீரமாக இருக்கும். நல்ல வெள்ளி, நல்ல எடை. ஆனால் அவர் கழுத்துவரை கடனில் இருந்தார். கி.மு. 51-ல் பக்கத்துச் சிலிசியா மாகாணத்துக்கு ஆளுநராக வந்த சிசரோ, நண்பர் அட்டிகஸுக்கு எழுதிய கடிதங்களில் இந்தக் கடனைப் பற்றிப் புலம்பித் தீர்க்கிறார். அரசருக்குச் சொந்தக் கஜானாவும் இல்லை, நிரந்தர வருமானமும் இல்லை. வரி போட்டு, முப்பது நாளைக்கு ஒருமுறை பாம்பேயஸுக்கு 33 அட்டிக் தாலந்து கட்டிக்கொண்டிருந்தார். அது மாத வட்டிக்கே போதவில்லையாம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு தாலந்து 6,000 திராக்மா, ஏறத்தாழ 26 கிலோ வெள்ளி. 33 தாலந்து என்றால் 850 கிலோவுக்கு மேல். உங்கள் கையில் இருக்கும் நாலு கிராம் காசு மாதிரி மாதம் இரண்டு லட்சத்துக்கும் மேல் வட்டிக்கு மட்டும். பாம்பேயஸ் ஒருவர்தானா? அறநெறி பேசிய ரோமானியர் புரூட்டஸும் கடன் கொடுத்தவர்தான். அந்தப் பாக்கியை வசூலிக்கச் சொல்லிச் சிசரோவையே நச்சரித்தார். அவரும் அரசரை நெருக்கினார். அதே சிசரோ வந்த புதிதில் அரசரைக் கொல்ல நடந்த சதியிலிருந்து காப்பாற்றியதும் உண்மைதான். காப்பாற்றிய கை ஒன்று, கேட்ட கை இன்னொன்று. ஒன்பது வருஷம் கழித்து, புரூட்டஸின் கூட்டாளி காசியஸ் இந்த அரசரைக் கொன்று அவரிடம் இருந்த பணத்தை எடுத்துக்கொண்டார்.

ரோம் ஏன் இவர்களை வெள்ளி அடிக்க விட்டது என்று கேட்பவர்களுக்கு இதுதான் பாதிப் பதில். ரோமின் வெள்ளிக்காசான தினாரியஸை அங்கே கொண்டுபோய்த் திணிக்க வேண்டிய தேவையே இல்லை. உள்ளூர்ப் படைக்குச் சம்பளமும் உள்ளூர் வரியும் உள்ளூர்த் திராக்மாவில் ஓடட்டும். சேர்ந்தது எந்த உருவில் இருந்தாலும் வெள்ளி வெள்ளிதான்.

9. எடை போடாமல் எதையும் வாங்காதீர்கள். நகைக்கடைக்காரர் வைத்திருக்கும், பத்து மில்லிகிராம் காட்டும் சிறு தராசு போதும். முதலில் காசைக் காற்றில் நிறுங்கள். பிறகு ஒரு நூலில் கட்டி, தம்ளர் தண்ணீரில் அடியிலும் பக்கத்திலும் படாமல் தொங்கவிட்டு, எடை எவ்வளவு குறைகிறது என்று பாருங்கள். நாலு கிராம் வெள்ளிக்காசு தண்ணீரில் 0.39 கிராம் அளவுக்குக் குறையும். செம்பாக இருந்தால் 0.45 வரும். செம்பின்மேல் வெள்ளி போர்த்திய காசு இரண்டுக்கும் நடுவில் நிற்கும். அப்படிப் போர்த்திய காசுகள் அந்தக் காலத்திலேயே உண்டு. அந்தக் காலத்துத் திருட்டுக்காசு என்று தெரிந்தே வாங்கினால் தவறில்லை, வெள்ளி விலை கொடுத்து வாங்காதீர்கள்.

10. விளிம்பைச் சுற்றிப் பாருங்கள். இந்தக் காசெல்லாம் இரண்டு அச்சுக்கு நடுவில் வெள்ளித்தகட்டை வைத்துச் சம்மட்டியால் அடித்தவை. அடித்த காசில் உலோகம் வெளிப்பக்கம் பாய்ந்திருக்கும், விளிம்பில் சிறு வெடிப்புகூட இருக்கும். வார்ப்பில் ஊற்றிய போலியில் விளிம்பைச் சுற்றி இரண்டு அச்சு சேர்ந்த மெல்லிய தையல் கோடு, அல்லது அதை அரம் வைத்துத் தேய்த்த தடம் தெரியும். பரப்பில் ஊசி முனையளவு குமிழிக் குழிகள் இருக்கும். எழுத்தின் ஓரம் கூர்மையில்லாமல் சோப்பு கரைந்த மாதிரி இருக்கும். பத்து மடங்கு லென்ஸ் ஒன்று எப்போதும் சட்டைப்பையில் இருக்கட்டும். ஒரே காசின் படத்தை இரண்டு வேறு விற்பனையாளரிடம் பார்த்தால், அதே வெடிப்பு, அதே கீறல், அதே இடத்தில், இரண்டையும் விடுங்கள். உண்மையான இரண்டு காசு ஒரே அச்சில் பிறக்கலாம். ஒரே காயத்தோடு பிறக்காது.

11. துலக்காதீர்கள். வீட்டு வெள்ளிக் குங்குமச்சிமிழுக்கு விபூதி போட்டுத் தேய்க்கும் கை பழங்காசைக் கண்டால் சும்மா இருக்காது. அந்தச் சாம்பல் நிறம் இரண்டாயிரம் ஆண்டு வயதின் தோல். எழுத்தை மறைக்கும் மண் இருந்தால் காய்ச்சி வடித்த நீரில் ஊற வையுங்கள், மெல்லிய தூரிகையால் தொடுங்கள், அவ்வளவுதான். மண்ணில் நெடுங்காலம் கிடந்த வெள்ளி உள்ளுக்குள் பொடிபட்டு முறுகியிருக்கும். கீழே போட்டால் உடைந்துவிடும்.

12. மெத்தென்ற பிவிசி உறையில் வைக்காதீர்கள். பச்சைப் பிசுக்குப் பிடிக்கும். காகித உறை நல்லது.

13. எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள். மசாகா இன்றைய துருக்கியின் கைசேரி நகரம். துருக்கியில் 1983-ன் 2863-ம் எண் சட்டப்படி மண்ணிலிருந்து எடுக்கும் பழம்பொருள் அரசுடையது. அங்கே சுற்றுலா போனபோது ஒருவன் கோட்டுப்பையிலிருந்து காசை எடுத்து நீட்டினால், பார்க்கக்கூட நிற்காதீர்கள். போலியாக இருந்தால் பணம் போச்சு, உண்மையாக இருந்தால் நீங்கள் போனீர்கள். பழைய ஏலப் பட்டியலில் படத்தோடு வந்த காசு, பழைய சேகரிப்பின் சீட்டு கூடவே வந்த காசு, இவற்றுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கலாம். நம் நாட்டுச் சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். 1972-ன் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டு தாண்டிய காசு தொல்பொருள். அதைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. நம் மண்ணிலேயே புதையல் கிடைத்தால் 1878-ன் புதையல் சட்டம் இருக்கிறது, ஆட்சியரிடம் சொல்லியாக வேண்டும்.

14. நோட்டுப் போடுங்கள். எடை, குறுக்களவு, பட்டம், ஆண்டு எழுத்து, கூட்டெழுத்தைக் கையால் வரைந்த படம், முன்பக்கத்தை நேராகப் பிடித்துத் திருப்பினால் அதீனா எந்தத் திசையில் தலை வைத்திருக்கிறாள் என்பது, வாங்கிய இடம், விலை. கூட்டெழுத்தைப் புகைப்படம் எடுத்தால் போதாதா என்பார்கள். போதாது. வரையும்போதுதான் எத்தனை எழுத்து பின்னியிருக்கிறது என்று தெரியும். பிறகு போனோ சிமோனெட்டா 1977-ல் வெளியிட்ட கப்படோக்கிய அரசர் காசுகளின் நூலைத் தேடிப் பிடித்து ஒப்பிடுங்கள். ஒப்பிட்டுவிட்டு அதில் உள்ளதை அப்படியே ஏற்றுக்கொள்ளாதீர்கள். பழைய அரியராதெஸ் அரசர்களில் எந்தக் காசு யாருடையது என்பதில் அவரோடு சண்டை போட்ட அறிஞர்கள் உண்டு. டென்மார்க்கின் ஓட்டோ மோர்க்ஹோம் அவர்களில் முக்கியமானவர்.

15. இந்த மூவரும் பழகிய பிறகு அடுத்த படி ஆர்க்கெலாவுஸ். மூன்றாமவரின் தம்பி பத்தாம் அரியராதெஸை மார்க் ஆன்டனி கி.மு. 36-ல் தீர்த்துக்கட்டிவிட்டு, அந்தக் குலத்துக்குத் தொடர்பே இல்லாத இவரை உட்கார வைத்தார். ஆன்டனி வீழ்ந்த பிறகும் அகஸ்டஸிடம் தாக்குப்பிடித்தார் என்பதிலிருந்தே ஆள் எப்பேர்ப்பட்டவர் என்று ஊகிக்கலாம். இவருடைய வெள்ளியில் ஹெர்க்குலிஸின் கதாயுதம் வரும். பட்டத்தில் ரோமானியரின் நண்பர் என்ற பேச்சே இல்லை. தாய்நாட்டை நேசிப்பவர், நிறுவியவர் என்று போட்டுக்கொண்டார். மசாகாவுக்குச் சீசர் பெயரால் சிசேரியா என்று பெயர் மாற்றியவரும் இவர்தான். பெயரில் காட்டிய விசுவாசம் வயதான காலத்தில் உதவவில்லை. பேரரசர் திபேரியஸ் ரோமுக்கு அழைத்துச் செனட் முன்னால் நிறுத்தினார், கி.பி. 17-ல் அங்கேயே செத்தார், நாடு மாகாணமாயிற்று. நம் கோவை, கரூர்ப் பக்கத்துப் புதையல்களில் தினாரியஸ் தினாரியஸாக வருகிறாரே, அதே திபேரியஸ்தான். கப்படோக்கியாவின் வருமானம் கைக்கு வந்த தெம்பில் ரோமில் ஒரு சத விற்பனை வரியை அரை சதமாகக் குறைத்தார் என்று டாசிட்டஸ் எழுதுகிறார். சிசேரியாவின் பட்டறையை மூடவில்லை. அதில் பேரரசர் தலையும் ஊருக்குப் பின்னால் நிற்கும் அர்கயஸ் மலையும் போட்ட வெள்ளி வரத் தொடங்கியது.

ஆர்க்கெலாவுஸின் மகள் கிளாஃபிரா வழியாக இன்னும் இரண்டு நட்பரசர்களிடம் போகலாம். அவள் முதலில் யூதேயாவின் ஏரோது மகனை மணந்தாள். ஏரோதிடம் வெள்ளி தேடாதீர்கள், அவர் அடித்தது செம்புக்காசு மட்டும். அந்தக் கணவன் கொலையுண்ட பின் மவுரித்தானியா அரசர் இரண்டாம் ஜூபாவை மணந்தாள். ஜூபாவின் தினாரியஸ் வெள்ளி, அழகானது, ரோமின் தினாரியஸைவிட எடையில் சற்றுக் குறைவு. பெயர் லத்தீனில் இருக்கும், ஆட்சி ஆண்டு ரோமன் எண்ணில் இருக்கும். கிரேக்கம் படித்து வந்த உங்களுக்கு அது விளையாட்டு. அதில் மட்டும் ஆண்டு எழுத்தை இந்த அளவுக்குத் தேடித் தவிக்க வேண்டியிருக்காது. ஆனால் அவருடைய சில வகைகளில் ஆண்டு கிடையாது, வாங்குமுன் கேட்டுக்கொள்ளுங்கள்.